இன்னொரு முறை கேட்டிருக்கலாம்

கார்ல்ஸ்ரூஹ நகரிலுள்ள ஜேர்மன் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றத்தின் இரண்டாம் செனட் நீதிபதிகளுக்கு,

வணக்கம்.

உங்களுக்கு எழுதும் மடலைத் தமிழில் எழுதுவது விநோதமாகப் படலாம். ஜேர்மன் எழுதத் தெரியாமல் இல்லை. அந்த மொழியை வைத்துத்தான் முப்பது ஆண்டுக்கு மேலாகச் சோறு தின்கிறேன். தஞ்சம் கேட்டு நிர்வாக நீதிமன்றங்களுக்கு வரும் எம்மவருக்கும் நீதிபதிக்கும் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்து, இரு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பது என் தொழில். ஆனால் திறந்த மடல் என்பது உறையில் போட்டு ஒட்டாத கடிதம். வழியில் நிற்பவர்களும் வாசிக்க வேண்டும். உங்கள் தீர்ப்புகளின் கீழ் வாழ்ந்துகொண்டு, உங்களைப் பற்றித் தமிழில் ஒரு வரிகூடப் படித்திராத பலர் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே உங்களோடு பேசுகிறேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் நீதிமன்றத்துக்குக் 'கோடு' என்று பெயர். வழக்கில் தோற்றவர் வெளியே வந்ததும் படிக்கட்டில் வைத்து என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணை, இதுக்கு மேல கோடு ஒண்டும் இல்லையோ?" நான் விரல் மடக்குவேன். மாநிலத்தின் மேல் நிர்வாக நீதிமன்றம், பிறகு லைப்சிக்கில் இருக்கும் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டிருந்தால் கார்ல்ஸ்ரூஹவில் நீங்கள். அதற்கும் அப்பால், மனித உரிமைக்கென்று 46 நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் சம்பந்தப்பட்டால் 27 நாட்டு நீதிபதிகள் இருக்கும் லக்சம்பேர்க் நீதிமன்றம். அதனிடம் வழக்காளி போக முடியாது, விசாரிக்கிற நீதிபதிதான் கேள்வி அனுப்ப வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி வரும். "அப்ப, இதில ஆர் பெரிய ஆள்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக நீங்களே அந்தக் கேள்வியை மூடாமல் திறந்து வைத்திருக்கிறீர்கள். திறந்து வைத்திருப்பதைப் பற்றி எனக்குக் குறையில்லை. லக்சம்பேர்க்கின் தீர்ப்பொன்று ஜேர்மனியைக் கட்டாது என்று சொல்லி, 2020 மே 5ஆம் திகதி அதை மூடப் பார்த்த விதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பக்கத்தில் நிற்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

1962இல் இத்தாலி மின்சாரத்தைத் தேசியமயமாக்கியது. மிலான் நகர வழக்கறிஞர் ஃபிளமினியோ கோஸ்டா, பழைய மின்சாரக் கம்பனி ஒன்றின் பங்குதாரர், கோபத்தில் தன் மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். தொகை 1,925 லிரா. இன்றைய கணக்கில் ஒரு யூரோவுக்குக் கிட்டத்தட்ட வரும், ஒரு கோப்பிக்குக்கூடப் போதாது. தேசியமயச் சட்டம் ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கு முரண் என்று அவர் வாதாடினார். 1964 மார்ச்சில் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம், பிந்தி வந்த சட்டமே செல்லும் என்றது. ஒப்பந்தமும் ஒரு சட்டம், அதற்குப் பின் இன்னொரு சட்டம் வந்துவிட்டது, கதை முடிந்தது. அதே ஆண்டு ஜூலை 15ஆம் திகதி லக்சம்பேர்க் நேர்மாறாகச் சொன்னது. ஒவ்வொரு நாடும் நினைத்தபோது புதுச் சட்டம் போட்டு ஒப்பந்தத்தைக் கழற்றிவிடலாம் என்றால் பொதுச் சட்டம் என்று ஒன்றே இராது, ஆகவே ஐரோப்பியச் சட்டம்தான் மேல்.

இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது, அந்த 'மேல்' என்ற சொல் ஒப்பந்தத்தின் எந்த உறுப்புரையிலும் இல்லை என்பது. 2004இல் எழுதிய ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தில் துணிந்து போட்டுப் பார்த்தார்கள். 2005இல் பிரான்சும் நெதர்லாந்தும் மக்கள் வாக்கெடுப்பில் அதைத் தூக்கி எறிந்தன. பிறகு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தில் அது பின்னிணைப்புக்குப் போனது, 17ஆம் இலக்கப் பிரகடனமாக. அரை நூற்றாண்டு நீதிபதிகள் சொல்லி வந்ததை நினைவூட்டும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். வீட்டுக்கு யார் பெரியவர் என்பதை வீட்டு உறுதிப் பத்திரத்தில் எழுதாமல், உறுதியின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்த மாதிரி.

அந்தப் பென்சில் எழுத்துக்கு எதிரே நீங்கள் பேனாவால் ஒரு சொல் எழுதினீர்கள். 1967இல் பிராங்க்ஃபுர்ட் வணிக நிறுவனம் ஒன்று 20,000 தொன் சோளக் குருணை ஏற்றுமதி செய்ய அனுமதி வாங்கி, முழுவதையும் அனுப்பி முடிக்கவில்லை. கட்டிய பிணைப்பணத்தில் 17,000 மார்க்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பறிபோனது. பிணைப்பணம் என்ற ஐரோப்பிய விதியே அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று நிறுவனம் வழக்காடியது. 1974 மே 29ஆம் திகதி உங்கள் செனட் 5க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பியச் சமூகத்திடம் (இன்றைய ஒன்றியத்தின் முன்னோடி அது) எங்கள் அரசியலமைப்புக்கு ஈடான அடிப்படை உரிமைப் பட்டியல் ஒன்று இல்லாதவரை, அதன் சட்டங்களை நாங்கள் பரிசோதிப்போம். அந்த 'வரை'தான் ஜேர்மனில் 'ஸோலாங்க'. தீர்ப்புக்கே அதுதான் பெயராகிவிட்டது. சோளக்காரர் என்னவோ தோற்றுத்தான் போனார், விதி செல்லும் என்று விட்டீர்கள். சொல் மட்டும் நின்றது.

தமிழில் இந்தச் சொல் இன்னும் அழகு. வரை என்றால் காலத்தின் முடிவு, வரை என்றால் எல்லை, வரை என்றால் மலையும்தான். 'இல்லாதவரை' என்று நீங்கள் காலம் குறித்தபோது எல்லையையும் குறித்தீர்கள். லக்சம்பேர்க் மலையைப் பார்த்த மாதிரி அதைப் பார்த்துப் பயந்து, தன் தீர்ப்புகளில் அடிப்படை உரிமைகளை ஒவ்வொன்றாக வளர்த்தெடுத்தது. 1979இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நேரடித் தேர்தல் வந்தது. 1986 அக்டோபர் 22ஆம் திகதி, தாய்வானிலிருந்து வரும் தகரத்தில் அடைத்த காளான் பற்றிய வழக்கொன்றில் நீங்கள் சொல்லைத் திருப்பிப் போட்டீர்கள். இப்போது போதிய பாதுகாப்பு இருக்கிறது, அது இருக்கும்வரை நாங்கள் பரிசோதிக்க மாட்டோம். பிறகு வாழைப்பழம். லத்தீன் அமெரிக்க வாழைப்பழத்துக்கு ஒன்றியம் கட்டுப்பாடு போட்டபோது ஜேர்மன் இறக்குமதியாளர்கள் கொதித்தெழுந்தார்கள், 2000 ஜூன் 7ஆம் திகதி அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்தீர்கள். மின்கட்டணம், சோளம், காளான், வாழைப்பழம். ஐரோப்பாவின் பெரிய சட்டமெல்லாம் குசினிக்குள்தான் பிறந்திருக்கிறது என்று நான் பிள்ளைகளுக்குப் பகிடியாகச் சொல்வதுண்டு.

விட்டுக்கொடுக்கவும் இந்த நாட்டுக்குத் தெரிந்திருந்தது. ஆயுதம் ஏந்தும் இராணுவப் பணியில் பெண்கள் சேரக்கூடாது என்று ஜேர்மன் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 12அ உறுப்புரை சொன்னது. தான்யா க்ரைல் என்ற இலத்திரனியல் தொழில்நுட்பப் பெண் விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். 2000 ஜனவரி 11ஆம் திகதி லக்சம்பேர்க் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜேர்மனி தன் அரசியலமைப்பையே திருத்தியது. வானம் இடிந்து விழவில்லை.

இப்படி மிரட்டியும் விட்டுக்கொடுத்தும் ஓடிய உறவு அது. நல்ல மாமன் மச்சான் உறவு மாதிரி, கதவைச் சாத்துவேன் என்று இருவரும் சொல்வார்கள், இருவரும் சாத்த மாட்டார்கள்.

பிறகு 2020 மே 5.

விடயம் பணம். ஐரோப்பிய மத்திய வங்கி 2015 மார்ச்சிலிருந்து உறுப்பு நாடுகளின் அரசுக் கடன் பத்திரங்களைச் சந்தையில் வாங்கத் தொடங்கியது. மூன்று நான்கு ஆண்டுகளில் 2 இலட்சம் கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. பணவீக்கம் சுருண்டு கிடந்தது, அதை 2 வீதத்துக்கு அருகில் கொண்டுவருவதே நோக்கம் என்றது வங்கி. இது பணக் கொள்கையல்ல, மறைமுகமான பொருளாதாரக் கொள்கை, அதற்கு வங்கிக்கு அதிகாரம் கிடையாது என்று சிலர் உங்களிடம் வந்தார்கள். 2017 ஜூலையில் நீங்கள் லக்சம்பேர்க்குக்குக் கேள்வி அனுப்பினீர்கள். 2018 டிசம்பர் 11ஆம் திகதி பதில் வந்தது, வங்கி செய்தது சரி என்று. உங்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. சேமிப்பு வைத்திருப்பவருக்கு என்ன நடக்கும், ஓய்வூதியக் காப்பீட்டுக்கு என்ன நடக்கும், வீட்டு விலை எங்கே போகும், இதையெல்லாம் வங்கி தராசில் வைத்து நிறுத்ததா என்று லக்சம்பேர்க் சரியாகப் பார்க்கவில்லை என்பது உங்கள் குறை. 7க்கு 1 என்ற கணக்கில், லக்சம்பேர்க்கின் தீர்ப்பே அதிகார வரம்பை மீறியது, அது ஜேர்மனியைக் கட்டாது என்று அறிவித்தீர்கள்.

குறையில் நியாயமே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். வங்கி வட்டி பூச்சியத்துக்குப் போனபோது, பிள்ளையின் கலியாணத்துக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த எங்கள் சனம் என்ன பாடுபட்டது என்று எனக்குத் தெரியும். லக்சம்பேர்க் ஒன்றியத்தின் அதிகாரத்தை அளக்கும்போது கை தாராளம்தான். புகையிலை விளம்பரத் தடைச் சட்டத்தை 2000 அக்டோபரில் ரத்துச் செய்தது போல, ஒன்றியம் எல்லை தாண்டிவிட்டது என்று அது சொன்ன சந்தர்ப்பங்கள் அரிது. அந்த வழக்கைத் தொடுத்து வென்றதும் ஜேர்மனிதான். காவல்காரனை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற உங்கள் வாதத்தை நான் ஏற்கிறேன்.

என் மனம் தடுக்கி விழுந்தது ஒரு சொல்லில்.

லக்சம்பேர்க்கின் தீர்ப்பு 'நாக்ஃபோல்ட்ஸீபார்' இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் சும்மா இல்லை, முற்றிலும் இல்லை. என் தொழிலில் இந்தச் சொல்லோடு நான் வாழ்கிறேன். பின்னாலேயே நடந்து போய், ஒருவர் எப்படி அந்த இடத்துக்கு வந்துசேர்ந்தார் என்று விளங்கிக்கொள்ள முடிவது என்பது பொருள். தஞ்சக் கோரிக்கையை நிராகரிக்கும் கடிதங்களில் இது அடிக்கடி வரும். விண்ணப்பதாரர் சொல்வது நாக்ஃபோல்ட்ஸீபார் இல்லை. ஆள் முதலில் வவுனியாவில் பிடித்தார்கள் என்றார், பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் என்றார், நம்ப முடியவில்லை.

ஆனால் மதிப்புக்குரிய நீதிபதிகளே, அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன் ஒரு முறை இருக்கிறது. உங்களுக்கே நன்றாகத் தெரியும், இந்த நாட்டு நீதிமன்றங்கள் கட்டிக் காப்பாற்றிய முறை அது. விசாரிக்கிறவர் திருப்பிக் கேட்க வேண்டும். "முன்பு இப்படிச் சொன்னீர்கள், இப்போது இப்படிச் சொல்கிறீர்கள், எது சரி?" அப்போது எத்தனையோ தடவை ஆள் சொல்வார், "ஓமந்தைச் சாவடியில மறிச்சவங்கள், வவுனியா முகாமில கொண்டுபோய் வைச்சவங்கள்." இரண்டும் உண்மை. ஒரு கேள்வியில் முடிச்சு அவிழ்ந்துவிடும். என்னுடைய தொழிலிலும் அதுதான் கட்டளை. விளங்காவிட்டால் திருப்பிக் கேள், நீயாக ஒரு பொருளை வைத்து மொழிபெயர்க்காதே. விளங்கவில்லை என்பது கேள்விக்குத் தொடக்கம், அதை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

நீங்கள் ஒரு முறைதான் கேட்டீர்கள். அகதி ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லும் இரண்டாவது கேள்வியை இன்னொரு நீதிமன்றத்துக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் கேள்வி கேட்கும் பழக்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1951இல் பணி தொடங்கிய உங்கள் நீதிமன்றம் லக்சம்பேர்க்குக்கு முதன்முதலாகக் கேள்வி அனுப்பியது 2014 ஜனவரியில். அறுபது ஆண்டுக்கு மேல் ஒரு கடிதம்கூட இல்லை. சிறு நகரத்து நீதவான்கள் எல்லாம் வாரந்தோறும் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய கோட்டில் இருப்பவர் கேட்டால் சின்னவராகிவிடுவார் என்ற எண்ணமோ என்னவோ.

இத்தாலியர்கள் வேறு விதமாகச் செய்ததைப் பாருங்கள். நீங்கள் அணியும் கருஞ்சிவப்பு அங்கியே பதினைந்தாம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ் நீதிபதிகளின் உடையைப் பார்த்துத் தைத்ததுதானே, அந்த ஊர்க்காரரிடம் இன்னொன்றையும் கற்றுக்கொள்ளலாம். ஷாம்பெயின் வியாபாரத்தில் பெறுமதி சேர் வரி ஏய்த்த கூட்டம் ஒன்றின் வழக்கு. இத்தாலியில் குற்றங்களுக்குக் காலாவதி சீக்கிரம் வந்துவிடும், வழக்கு இழுபட்டே செத்துவிடும். 2015 செப்டெம்பரில் லக்சம்பேர்க், ஒன்றியத்தின் வரிப்பணம் பறிபோகிறது, அந்தக் காலாவதி விதியை ஒதுக்கிவிட்டு வழக்கை நடத்துங்கள் என்றது. இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு இது தொண்டையில் முள். குற்றம் செய்த அன்று இருந்த சட்டத்தைப் பிறகு மாற்றி ஒருவரைத் தண்டிப்பது அவர்கள் அரசியலமைப்பின் உயிர்நாடியையே தொடும். மறுத்திருக்கலாம். 2017 ஜனவரியில் இன்னொரு முறை எழுதினார்கள். மரியாதையாக எழுதினார்கள், ஆனால் வரிகளுக்கிடையில் கத்தி தெரிந்தது. நீங்கள் சொன்னதை நாங்கள் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம், அது சரியா, இல்லையென்றால் எங்களால் பின்பற்ற முடியாமல் போகும். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதி லக்சம்பேர்க் இறங்கி வந்தது. குற்றமும் தண்டனையும் முன்கூட்டியே சட்டத்தில் இருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு முரணென்றால் காலாவதி விதியை ஒதுக்கத் தேவையில்லை என்றது. யாரும் தோற்கவில்லை. உங்கள் தீர்ப்புக்கு மூன்று ஆண்டு முன்னால், உங்கள் கண் முன்னால் நடந்தது இது.

உங்கள் தீர்ப்புக்குப் பிறகு நடந்ததை ஒரு மொழிபெயர்ப்பாளனாக நான் நாடகமென்றுதான் சொல்வேன். மூன்று மாதத்துக்குள் விளக்கம் வராவிட்டால் ஜேர்மன் மத்திய வங்கியான புண்டெஸ்பாங்க் பத்திரம் வாங்குவதை நிறுத்த வேண்டும் என்றீர்கள். ஐரோப்பிய மத்திய வங்கி ஆவணங்களைப் புண்டெஸ்பாங்க் வழியாக அனுப்பியது, நாடாளுமன்றமான புண்டெஸ்டாக் ஜூலை 2ஆம் திகதி வாசித்துவிட்டுத் திருப்தி என்றது. 2021 ஏப்ரலில், தீர்ப்பை நிறைவேற்ற உத்தரவிடும்படி கேட்டு வந்தவர்களை நீங்களே திருப்பி அனுப்பினீர்கள். ஜூன் மாதம் ஐரோப்பிய ஆணைக்குழு ஜேர்மனி மீது ஒப்பந்த மீறல் நடவடிக்கை எடுத்தது. டிசம்பரில் அதை மூடியது, ஐரோப்பியச் சட்டத்தின் முதன்மையை ஏற்கிறோம், இப்படி மீண்டும் நடக்காமல் இயன்ற வழியெல்லாம் பார்ப்போம் என்று பெர்லின் வாக்குக் கொடுத்த பிறகு. சுதந்திரமான நீதிமன்றம் ஒன்றின் வாய்க்காக அரசாங்கம் எப்படி வாக்குக் கொடுக்கும்? அந்தக் கேள்விக்குள் உங்களையும் நாட்டையும் கொண்டுபோய் நிறுத்தியது அந்தத் தீர்ப்பு. பத்திரம் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஆனால் வேறொரு இடத்தில் சரக்கு இறங்கிவிட்டது.

போலந்தின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் 2015இலிருந்து என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏற்கெனவே ஆள் தெரிவாகியிருந்த கதிரைகளில் ஆளுங்கட்சி தன் ஆட்களை உட்கார வைத்தது. புல்தரை விற்கும் கம்பனி ஒன்று, காட்டு விலங்குகள் புல்லை நாசம் செய்ததற்கு நட்டஈடு கேட்டு நடத்திய வழக்கில், 2021 மே 7ஆம் திகதி ஸ்ட்ராஸ்பூர்க் அதைப் பச்சையாகச் சொன்னது. அப்படி அமைந்த ஆயம், சட்டப்படி அமைந்த நீதிமன்றமே அல்ல. (குசினியிலிருந்து தோட்டத்துக்கு வந்துவிட்டோம்.) அந்தப் போலந்து நீதிமன்றமே, அன்றைய பிரதமர் மொராவியெட்ஸ்கி கேட்டுக்கொண்டபடி, 2021 அக்டோபர் 7ஆம் திகதி ஒன்றிய ஒப்பந்தத்தின் சில உறுப்புரைகள் போலந்து அரசியலமைப்புக்கு முரண் என்று அறிவித்தது. உங்கள் 2020 தீர்ப்பை வார்சோ ஆட்சியாளர்கள் முன்னமே வாயாரப் பாராட்டியிருந்தார்கள். ஜேர்மன்காரர் செய்தால் சட்டம், நாங்கள் செய்தால் குற்றமோ என்று கேட்டார்கள்.

நீங்களும் அவர்களும் ஒன்றல்ல, அது எனக்குத் தெளிவு. நீங்கள் உங்கள் அரசாங்கத்துக்கும் சேர்த்துத் தலையிடி கொடுத்தீர்கள், அவர்கள் தங்கள் அரசாங்கத்தின் வேலையைச் செய்து கொடுத்தார்கள். ஆனால் பூட்டை உடைப்பது எப்படி என்று ஊரறியக் காட்டிய பூட்டுக்காரர், கள்ளன் செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்று ஒரேயடியாகக் கையை விரிக்க முடியாது. ருமேனியாவில் இன்னும் மோசம். அங்கே அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முடிவை மீறி ஐரோப்பியச் சட்டத்தைப் பார்க்கும் கீழ் நீதிபதி மீது ஒழுக்காற்று நடவடிக்கை பாயலாம் என்ற நிலை இருந்தது. அது கூடாது என்று 2022 பெப்ரவரியில் லக்சம்பேர்க் சொல்ல வேண்டி வந்தது. யானைகள் மோதும்போது மிதிபடுவது, அந்தச் சின்ன நீதிபதியும் அவர் முன்னால் கைகட்டி நிற்கும் வழக்காளியும்தான்.

எங்கள் சனத்துக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். எங்களுக்கும் ஒரு காலத்தில் கடல் கடந்த கோடு ஒன்று இருந்தது. இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. செல்லையா கோடீஸ்வரன் என்ற தமிழ் அரச எழுதுவினைஞர் சிங்களப் பரீட்சை எழுத மறுத்தார், சம்பள உயர்ச்சியை நிறுத்தினார்கள். அவர் கோடேறினார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அந்தச் சட்டம் செல்லாது என்றது. உயர் நீதிமன்றமோ மொழிக் கேள்விக்கே போகாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசை வழக்காட முடியாது என்று தட்டிவிட்டது. வழக்கு லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. 1969இல் லண்டன், வழக்காட முடியும், மொழிக் கேள்வியையும் எடுத்துத் தீருங்கள் என்று திருப்பி அனுப்பியது. தீர்க்கவே இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீட்டையே சட்டம் போட்டு நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு வந்த புதிய அரசியலமைப்பில், சிறுபான்மையினருக்குப் பாகுபாடு காட்டும் சட்டத்தைத் தடுத்த பழைய பாதுகாப்புப் பிரிவும் இல்லை. லண்டன் எங்களை ஆண்டவர்களின் கோடு, அதைக் கழற்றியதில் சுதந்திர நாடொன்றின் தன்மானமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் 'இனி எங்கள் கோடே கடைசிக் கோடு' என்று யாராவது நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போது என் காதுக்கு அது வேறு மாதிரித்தான் கேட்கும்.

வெளியார் கோடு எப்போதும் எங்களைக் காப்பாற்றியது என்றும் நான் சொல்லவில்லை. பிரித்தானியா 1988இல் திருப்பி அனுப்பிய ஐந்து தமிழ் இளைஞர்களின் வழக்கில், 1991இல் ஸ்ட்ராஸ்பூர்க் மீறல் இல்லை என்றது. 2008இல் இன்னொரு தமிழரை அனுப்பக்கூடாது என்றது. சுவிற்சர்லாந்து 2013 ஆகஸ்டில் குடும்பத்தோடு அனுப்பிய தமிழர் ஒருவர் இலங்கையில் தடுத்து வைக்கப்பட்டு வதைபட்டார். 2017 ஜனவரி 26ஆம் திகதி ஸ்ட்ராஸ்பூர்க் சுவிஸ் மீது மீறல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் 'வெளிநாட்டு நீதிபதிகள்' வேண்டாம், எங்கள் அரசியலமைப்பே மேல் என்றொரு முன்மொழிவை சுவிஸ் மக்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். அன்று இரவு சூரிச்சிலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கை தொலைபேசி எடுத்துச் சொன்னது இது மட்டும்தான்: "அண்ணை, இந்தச் சனம் நல்ல சனம்."

உங்கள் 'வரை' என்ற சொல்லைக் கைவிடும்படி நான் கேட்கவில்லை. அதற்குப் பொருத்தமான இடம் எது என்று நீங்களே 2015 டிசம்பர் 15ஆம் திகதி காட்டினீர்கள். ஃபுளோரன்ஸ் நீதிமன்றம் ஆள் இல்லாமலே 30 ஆண்டு சிறைத்தண்டனை விதித்திருந்த ஒருவரை ஐரோப்பியப் பிடியாணையில் இத்தாலிக்கு அனுப்ப, இங்குள்ள நீதிமன்றம் சம்மதித்திருந்தது. அங்கே போனால் அவருக்குச் சரியான மறுவிசாரணை கிடைக்குமா என்று போதியளவு பார்க்கவில்லை என்று அந்த முடிவை ரத்துச் செய்தீர்கள். மனித மாண்பு என்று வரும்போது ஐரோப்பியச் சட்டத்துக்கும் எல்லை உண்டு என்றீர்கள். அங்கே ஒரு மனிதன் நின்றான். அவனுக்குப் பின்னால் நீங்கள் நின்றீர்கள். கடன் பத்திர வழக்கில் யாருக்குப் பின்னால் நின்றீர்கள் என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

2022 டிசம்பர் 6ஆம் திகதி, கொரோனா மீட்சிக்கென்று ஒன்றியம் 750 பில்லியன் யூரோ கடன் எடுக்கும் திட்டத்துக்கு எதிரான முறைப்பாடுகளை நிராகரித்தீர்கள். எதிர்த்து எழுதியவர் ஒரே ஒரு நீதிபதி. அதை வாசித்தபோது, கதவு திரும்பவும் பாதி திறந்திருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் 2020 தீர்ப்பு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. யாரும் அதைத் திருத்தவில்லை. அடுத்த வழக்கில் அதை எடுத்து வீச எந்த வழக்கறிஞராலும் முடியும், எந்த நாட்டு ஆட்சியாளராலும் முடியும்.

ஆகவே ஒரேயொரு வேண்டுகோள். 2010 ஜூலையில் ஹனிவெல் வழக்கில், ஒன்றியம் அதிகார வரம்பை மீறியது என்று அறிவிப்பதற்கு நீங்களே உங்களுக்கு நிபந்தனை போட்டுக்கொண்டீர்கள். மீறல் வெளிப்படையாக இருக்க வேண்டும், அதிகாரப் பங்கீட்டையே புரட்டுமளவுக்குப் பாரதூரமாக இருக்க வேண்டும், அதற்கு முன் லக்சம்பேர்க்குக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேருங்கள். லக்சம்பேர்க்கின் பதில் உங்களுக்கு விளங்கவில்லை என்றால், எந்தப் பத்தி விளங்கவில்லை, ஏன் விளங்கவில்லை என்று எழுதி, இரண்டாவது தடவையும் கேட்ட பிறகே அதிகார வரம்பு மீறல் என்று அறிவிப்போம் என்று. இதற்கு ஒப்பந்தம் திருத்தத் தேவையில்லை, புண்டெஸ்டாக் வாக்கெடுக்கத் தேவையில்லை. உங்கள் அடுத்த தீர்ப்பில் ஒரு பத்தி போதும்.

நாளை காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு விசாரணை இருக்கிறது. கிளிநொச்சி ஆள், வயது இருபத்தாறு, பயத்தில் வேகமாகப் பேசுவார் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். எனக்கு எப்படியும் இரண்டு மூன்று இடம் விளங்காமல் போகும். நீதிபதியைப் பார்த்துக் கையைத் தூக்கி, "மன்னிக்கவும், நான் அவரிடம் ஒருமுறை திருப்பிக் கேட்க வேண்டும்" என்று சொல்வேன். எந்த நீதிபதியும் இன்றுவரை அதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
ஷூனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி 1985இல் இந்த நாட்டுக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பாளன்